எஸ்பி 403: சாக்ரமெண்டோவில் ஒரு மசோதாவோடு

கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வந்த எஸ்பி 403 (செனட் மசோதா 403) எந்த வாக்கெடுப்பிலும் தோற்கவில்லை. 2023 மே 11 அன்று கலிஃபோர்னியா செனட்டில் 34-க்கு 1 என்ற கணக்கிலும், ஆகஸ்ட் 28 அன்று மறு அவையான அசெம்பிளியில் 50-க்கு 3 என்ற கணக்கிலும், திருத்தங்களுக்கு ஒப்புதல் பெறுவதற்காக மீண்டும் செனட்டுக்கு வந்தபோது செப்டம்பர் 5 அன்று 31-க்கு 5 என்ற கணக்கிலும் நிறைவேறிய அந்த மசோதாவை, அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அவர் கையெழுத்திட்டிருந்தால், சாதிப் பாகுபாட்டைப் பெயர்சொல்லித் தடைசெய்த முதல் அமெரிக்க மாநிலமாகக் கலிஃபோர்னியா ஆகியிருக்கும். அந்த மசோதாவுக்காக வேலை செய்த பல நூறு பேரில் நானும் ஒருவன். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்து ஃப்ரீமாண்ட்டில் குடியேறி, மென்பொருள் வேலை பார்ப்பவன். அதுவரை சட்டமன்றம் என்ற ஒன்றைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டவன். மாநிலச் சட்டத்தின் வழியாக ஓர் உரிமையைக் கேட்கப் புறப்படுவோருக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இங்கே சாதிக்கொடுமைக்கு ஆளானவர் வழக்குத் தொடுக்கவே முடியாதா என்று ஊரிலிருக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. முடியும். கலிஃபோர்னியாவின் 1959-ஆம் ஆண்டு அன்ரூ சிவில் உரிமைச் சட்டமும், வேலைவாய்ப்பிலும் வீட்டுவசதியிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும், கல்விச் சட்டத் தொகுப்பும் இனம், நிறம், மதம், வம்சாவளி, பூர்வீக நாடு என்று ஒரு பட்டியலை வைத்திருக்கின்றன. சாதியும் வம்சாவளிக்குள் அடங்கும் என்று ஒரு நல்ல வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதாடி நிறுவலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் முதலில் போய் நிற்பது நீதிமன்றத்தில் அன்று, அலுவலகத்தின் மனிதவளத் துறையில். அங்கே அமர்ந்திருப்பவர் பட்டியலைப் பார்க்கிறார், அதில் சாதி இல்லை, கோப்பு மூடப்படுகிறது. 2020 ஜூன் கடைசியில் மாநில அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது, தலித் பொறியாளர் ஒருவர் உள்ளுக்குள் புகார் செய்தபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதமன்று என்று அவருக்குப் பதில் கிடைத்ததாக அந்த மனுவில் குற்றஞ்சாட்டியிருந்தது. எங்கள் வட்டத்தில் அதைப் படித்தவர்கள் யாரும் வியப்படையவில்லை.

அந்த வழக்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மசோதாவின் முதல் விசாரணைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 2023 ஏப்ரலில், சிஸ்கோவுடன் சேர்த்துப் பிரதிவாதிகளாக்கப்பட்டிருந்த இரண்டு பொறியாளர்கள் மீதான குற்றச்சாட்டுகளை மாநிலத் துறை தானாகவே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு மட்டும் தொடர்ந்தது. எதிர்த்தரப்பினர் உடனே அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கின் மீது மொத்த வாதத்தையும் நிறுத்தியிருந்த எங்கள் ஆதரவுக் கடிதங்கள் அன்றே பலவீனப்பட்டன. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்ததையும், சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று 6-க்கு 1 என்ற வாக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் நகரச் சட்டம் கொண்டுவந்ததையும் ஆதாரமாகக் காட்டிய கடிதங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. முடிந்துபோன செயலை முன்னுதாரணமாகக் காட்டுவதே பாதுகாப்பு.

மசோதாவைக் கொண்டுவந்தவர் செனட்டர் ஆயிஷா வஹாப். ஃப்ரீமாண்ட்டும் அடங்கிய பத்தாவது தொகுதியின் உறுப்பினர். ஒரு செனட் தொகுதியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றாலும், தொகுதி அலுவலகத்திற்குத் தொலைபேசி செய்தால் எடுக்கிறார்கள், நேரம் கேட்டால் கொடுக்கிறார்கள். வாஷிங்டனில் இது நடவாது. உறுப்பினரையே பார்க்க வேண்டும் என்று நம்மவர்கள் பிடிவாதம் பிடிப்பது எனக்குச் சலிப்பைத் தந்த விஷயம். பெரிய மனிதரைப் பார்த்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டால் காரியம் முடிந்தது என்ற எண்ணம் கடல் தாண்டியும் நம்மை விடுவதில்லை. உண்மையில் மசோதாவை வரிவரியாகப் படிப்பவர், எதிர்த்தரப்பின் கடிதத்தையும் நம் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், உறுப்பினருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொடுப்பவர் அவருடைய சட்டமன்ற உதவியாளர். பெரும்பாலும் முப்பது வயதுக்குட்பட்டவர். அவருக்கு அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினால், அது உறுப்பினருடன் ஐந்து நிமிடம் கைகுலுக்குவதைவிடப் பலன் தரும்.

அச்சம் எங்களிடையே பெரிய தடையாக இருந்தது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள், குடியுரிமை இல்லாத நாம் சட்டமன்றத்தில் பேசலாமா என்றே தயங்கினார்கள். பேசலாம், அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் குடிமக்களுக்கென்று மட்டும் ஒதுக்கவில்லை, சட்டமன்ற உறுப்பினரும் வாக்காளர்களை மட்டுமின்றித் தொகுதியில் வசிக்கும் அனைவரையும் பிரதிநிதித்துவப்படுத்துகிறார். ஆனால் சட்டப்படி உரிமை உண்டு என்பதும் மேலாளர் பார்க்க மாட்டார் என்பதும் ஒன்றல்ல. குழு விசாரணைகள் நேரலையாகப் போகின்றன, காணொளி இணையத்தில் நிலையாக இருக்கிறது. இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டோம். மேடைக்கு வர இயலாதவர்கள் தங்கள் அனுபவத்தை உதவியாளரிடம் நேரில் சொன்னார்கள். சிலர் அமைப்பின் கடிதத்திற்குள் பெயரில்லாமல் இடம்பெற்றார்கள். கிரீன் கார்டு வாங்கியவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் ஒலிவாங்கியின் முன் நின்றோம். யாரையும் தைரியசாலி, கோழை என்று அந்தக் குழுவில் பேச விடாமல் வைத்திருந்ததுதான் நாங்கள் கடைசி வரை கலையாமல் இருந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தயக்கம் தமிழ் அமைப்புகளுடையது. 'நாங்கள் லாப நோக்கமற்ற அமைப்பு, அரசியல் பேசினால் வரிவிலக்கு போய்விடும்' என்று ஒரு சங்கத்தின் நிர்வாகி திட்டவட்டமாகச் சொன்னார். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோதான் கூடாது. மசோதாவை ஆதரித்து எழுதலாம். படிவம் 5768-ஐ ஒருமுறை நிரப்பி 501(எச்) விதியைத் தேர்ந்துகொண்டால், ஆண்டுச் செலவின் முதல் 5 லட்சம் டாலர் வரைக்கும் 20 விழுக்காடு இதற்குச் செலவிடலாம் என்பது தெளிவான கணக்கு. கடிதம் எழுதும் தன்னார்வலர்களுக்குச் சம்பளமும் இல்லை, ஆகவே செலவுக் கணக்கில் அது வருவதே அரிது. படிவத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. வரிவிலக்கு அவருடைய உண்மையான கவலை அன்று என்பது அப்போது தெரிந்தது. அவரைத் தொடர்ந்து நச்சரிக்காமல் அடுத்த கதவுக்குப் போனோம். அம்பேத்கரிய வாசக வட்டங்களும், குரு ரவிதாஸைப் பின்பற்றும் ரவிதாசியச் சபைகளும், சீக்கிய அமைப்புகளும், தொழிற்சங்கங்களும் தயங்காமல் கையெழுத்திட்டன.

கடிதங்களுக்கு ஒரு முறை உண்டு. சட்டமன்றத்தின் இணைய வாயிலில் மசோதா எண்ணைக் குறிப்பிட்டு, எந்தக் குழு விசாரிக்கிறதோ அந்தக் குழுவுக்கு, விசாரணைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகப் பதிவேற்ற வேண்டும். அப்போதுதான் குழுவின் ஆலோசகர் தயாரிக்கும் பகுப்பாய்வு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஆதரிப்போர், எதிர்ப்போர் பட்டியலில் அமைப்பின் பெயர் ஏறும். உறுப்பினர்கள் விசாரணைக்கு முந்தின இரவு புரட்டுவது இந்த அறிக்கையைத்தான். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால் எண்ணிக்கை ஏறும், வேறொன்றும் ஆகாது. இடமும் ஆண்டும் நடந்ததும் குறிப்பிட்டு ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து ஆலோசகர் மேற்கோள் எடுப்பார். செனட் குழுவுக்கு அனுப்பிய கடிதம் அசெம்பிளி குழுவுக்குத் தானாகப் போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவை மாறும்போது, திருத்தம் வரும்போது, திருத்தப்பட்ட தேதியைக் குறிப்பிட்டு மீண்டும் எழுத வேண்டும்.

குழு விசாரணையில் முதன்மைச் சாட்சிகளாக இரு தரப்பிலும் இரண்டிரண்டு பேருக்கு, ஆளுக்கு இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்திற்காக நாங்கள் யாரை முன்வைக்கலாம் என்று ஒத்திகை பார்த்த மாலைகளில்தான் நான் அதிகம் கற்றேன். கடலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், சன்னிவேலில் அறைத்தோழர்களுடன் இருந்தபோது நடந்ததை எட்டுப் பக்கத்திற்கு எழுதிக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு ஒன்றின் வழியாக அவருடைய சாதி தெரிந்துவிட, முதலில் தட்டும் தம்ளரும் தனியாயின. பிறகு, 'மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கோ ப்ரோ' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அதை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார். கேட்ட அனைவருக்கும் கண் கலங்கியது. ஆனால் ஒரு உதவியாளர் அதைப் படித்துவிட்டு, ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தது என்று கேட்டார். அறைத்தோழனாக ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு வீட்டுவசதிப் பாகுபாட்டுச் சட்டம் பொருந்தாது என்று 2012-இல் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டினால், மசோதா நிறைவேறினாலும் இந்த இளைஞருக்கு அதனால் நிவாரணம் இல்லை என்று ஆகிவிடும் என்று அவர் விளக்கினார். அதே நாளில் ஒரு பெண் பொறியாளர் தன்னுடைய கைப்பேசியில் ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். குழுத்தலைவர் தன்னை ஒதுக்குவது பற்றி அவர் இரண்டு பக்கத்திற்கு எழுதிய புகாருக்கு மனிதவளத் துறையின் பதில் ஒற்றை வாக்கியம்: நீங்கள் குறிப்பிடும் காரணம் எங்கள் கொள்கையின் பட்டியலில் இல்லாததால் விசாரணை தேவைப்படவில்லை. மசோதா எந்த ஓட்டையை அடைக்க வந்ததோ அந்த ஓட்டை அப்படியே அந்த வாக்கியத்தில் இருந்தது. துன்பம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அந்தத் துன்பத்திற்கும் சட்டப் பிரிவுக்கும் உள்ள பொருத்தமே சாட்சியத்தின் பலம் என்பதை, அந்த இளைஞரின் மனம் நோகாமல், அவருக்கு விளக்குவதுதான் கடினமாக இருந்தது. அவர் வந்து, வரிசையில் நின்று ஆதரவைப் பதிவு செய்தார்.

செனட் நீதிக்குழு ஏப்ரல் 25 அன்று கூடியது. ஃப்ரீமாண்ட்டிலிருந்து மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குக் கேப்பிட்டல் காரிடார் ரயிலில் போனோம். பழைய சட்டமன்றக் கட்டடத்தின் பின்பகுதியை மாற்றிக் கட்டுவதால் உறுப்பினர்களின் அலுவலகங்கள் ஓ தெருவிலுள்ள 1021 எண் கட்டடத்திற்கு இடம்பெயர்ந்திருந்தன. முதன்மைச் சாட்சிகள் முடிந்த பிறகு மற்றவர்கள் ஒலிவாங்கியின் முன் வரிசையாக வந்து பெயர், ஊர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஒரு சொல் கூடினாலும் தலைவர் குறுக்கிட்டு நிறுத்துகிறார். 'அம்பேத்கர்' என்று தொடங்கிய ஒரு பெரியவரின் பேச்சும் அப்படியே நின்றது. தம்முடைய ஊரைக்கூடச் சொல்லாமல் அவர் நகர நேர்ந்தது. ஆகவே பெயரை முதலிலும் நிலைப்பாட்டை உடனடியாகவும் சொல்லிவிட வேண்டும் என்று ரயிலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர். எதிர்வரிசையில் எங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளியில் என் மகளுக்கு இரண்டாம் நிலை பாடம் எடுத்த ஆசிரியை நின்றிருந்தார். கண்கள் சந்தித்ததும், 'அண்ணா, நீங்களா?' என்றார். 'ஆமாம்மா' என்றேன். தம்முடைய பிள்ளைகளைப் பள்ளியில் எல்லோரும் சாதிக்காரர்கள் என்று கேலி செய்வார்களே என்ற பயத்தில்தான் வந்ததாக அவர் சொன்னார். நான் அவருடைய பயத்தைப் பொய் என்று நினைக்கவில்லை. இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட அமைப்புகள் முன்வைத்த முக்கிய வாதமும் அதுவே: ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்துச் சட்டம் இயற்றுகிறீர்கள் என்பது. அதற்கு எதிராக முழக்கமிடுவதைவிட மசோதாவின் வாசகத்தைக் காட்டுவது பயனுள்ளதாக இருந்தது. சாதிக்கு அது தந்த வரையறையில் எந்த மதத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இல்லை. பிறப்பால் வரும் படிநிலை, அதை மாற்றிக்கொள்ள இயலாமை, திருமணத்தில் கட்டுப்பாடு, ஒதுக்கிவைத்தல் ஆகிய இயல்புகளைச் சொல்லியே வரையறுத்தது. ஜப்பானில் பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்களுக்கும் அது பொருந்தும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தவர்களால் வராந்தாவிலேயே இரண்டொருவரின் சந்தேகத்தைத் தீர்க்க முடிந்தது. அந்த ஆசிரியையின் நிலைப்பாடு மாறவில்லை; அவர் எதிர்ப்பைப் பதிவு செய்தார், நான் ஆதரவைப் பதிவு செய்தேன். குழு மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது.

ஜூலையில், அசெம்பிளியின் நீதிக்குழுவில், விஷயம் திரும்பியது. சாதியைத் தனி வகையாகப் பட்டியலில் வைக்காமல், 'வம்சாவளி' என்ற ஏற்கெனவே உள்ள வகையின் விளக்கத்திற்குள் சேர்ப்பது என்று திருத்தம் வந்தது. அது வாக்குகளை ஈர்க்கும் திருத்தம். குறிவைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டின் கூர்மையை அது மழுங்கடித்தது. எங்களுக்குள் அன்றிரவு இணையவழிக் கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறினால் போதும், எங்கே ஏறினால் என்ன என்பது ஒரு தரப்பு. மனிதவளத் துறை புரட்டும் பட்டியலில் நேரடியாக இல்லாவிட்டால் பழைய நிலைதான் என்பது மறுதரப்பு. விளக்கத்தில் எழுத்தாக இருந்தால் மனிதவளத் துறையால் மறுக்க முடியாது என்று வழக்கறிஞர்கள் சொன்னதால் முதல் தரப்பே வென்றது. இன்று எண்ணிப் பார்க்கையில் அந்தத் திருத்தம் இல்லாமல் அசெம்பிளியில் 50 வாக்குகள் கிடைத்திருக்குமா என்பதே எனக்கு ஐயம். ஆனால் அதே திருத்தம்தான் ஆளுநருக்கு வேண்டிய காரணத்தையும் எழுதிக்கொடுத்தது: சாதி வம்சாவளிக்குள் அடங்கும் என்றால், வம்சாவளிப் பாகுபாடு முன்னமே தடைசெய்யப்பட்டதுதானே? ஒரு சமரசத்தை ஏற்கும்போது, அடுத்த மேசையில் இருப்பவர் அதை எப்படிப் படிப்பார் என்று அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மசோதாவைப் பொறுத்தவரை அடுத்த மேசை ஆளுநருடையது.

அந்த மேசைக்கான வேலை சட்டமன்ற வேலையிலிருந்து தனியானது. செப்டம்பர் நடுவில் கூட்டத்தொடர் முடிந்ததும், குவிந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான மசோதாக்களை ஆளுநர் அக்டோபர் 14-க்குள் தீர்க்க வேண்டியிருந்தது. கையெழுத்திடக் கோரும் கடிதங்கள் தனியாக, புதிய தேதியிட்டு, அவருடைய சட்டமன்ற விவகாரப் பிரிவுக்குப் போக வேண்டும். சட்டமன்ற வளாகத்திற்கு வெளியே ஆதரவாளர்கள் உண்ணாநோன்பிருந்தார்கள், நாளிதழ்கள் எழுதின. அவர்களுடைய உறுதியை வணங்குகிறேன். ஆயினும், எங்கள் ஆற்றலில் பெரும்பகுதி உறுப்பினர்களின் வாக்குகளைச் சேர்ப்பதிலேயே கரைந்திருந்தது. ஆளுநரின் அலுவலகத்தில் எழுந்திருக்கக்கூடிய ஒரே கேள்விக்கு, அதாவது ஏற்கெனவே தடை இருக்கும்போது இது எதற்கு என்பதற்கு, அந்தப் பெண் பொறியாளரின் மின்னஞ்சல் போன்றவற்றை இருபது முப்பது திரட்டி ஒரே கோப்பாகக் கொடுப்பதே சரியான பதிலாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. எதிர்த்தரப்பினர் அந்தக் கட்டத்தில் ஆளுநரை நோக்கியே முழு மூச்சாக இயங்கினார்கள்.

ஆளுநரின் மறுப்புக்குப் பிறகு, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதை முறியடிக்கலாமே என்று பலர் கேட்டார்கள். செனட்டின் 40 பேரில் 27 வேண்டும். எங்களிடம் 31 இருந்தது. அசெம்பிளியின் 80 பேரில் 54 வேண்டும்; இருந்தது 50. நான்கு வாக்குதானே என்று தோன்றும். ஆனால் தம் கட்சி ஆளுநரின் மறுப்பை எதிர்த்து வாக்களிப்பது வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த மறுப்பும் முறியடிக்கப்படவில்லை. அந்தப் பேச்சில் யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பதிலாக, மறுப்புக் கடிதத்தை ஊன்றிப் படித்தோம். சட்டம் தேவையில்லை என்பதற்கு ஆளுநர் காட்டிய காரணம், இப்போதுள்ள வகைகளின் கீழேயே சாதிப் பாகுபாடு தடைசெய்யப்பட்டிருக்கிறது, அந்தப் பாதுகாப்புகளைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்பதாகும். மாநிலத்தின் தலைவர் தம் கையெழுத்தோடு எழுதிய வாசகம் இது. இப்போது யாராவது அலுவலகத்தில் சாதியின் பெயரால் நடத்தப்பட்டதாக எங்களிடம் வந்தால், உள்ளுக்குள் கொடுக்கும் புகாரிலேயே 'வம்சாவளி' என்ற வகையைக் குறிப்பிட்டு, சாதி அதன் பகுதி என்று ஒரு வரி எழுதி, மறுப்புக் கடிதத்தின் நகலை இணைக்கச் சொல்கிறோம். பட்டியலில் இல்லை என்ற பதில் எழுத்தில் வந்தால் அதையும் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். அலுவலக மடிக்கணினியில் வேண்டாம், சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்து. பிறகு மாநிலச் சிவில் உரிமைத் துறையிடம் இணையத்தில் முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது. வேலை தொடர்பான முறையீட்டுக்கு நிகழ்வு நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு உண்டு. வீட்டுவசதிக்கும் வணிக நிறுவனங்களின் சேவைக்கும் ஓராண்டுதான் என்பதால், வீடு மறுக்கப்பட்டவர்களை அந்த வாரமே எழுதிவிடச் சொல்கிறோம்.